பி.எல்.சி. கோளாறுகள்: சனிக்கிழமைக் கலந்துரையாடல்

அனைவருக்கும் வணக்கம்.

இயந்திரம் நின்றுபோய், மேலாளர் முதுகுக்குப் பின்னால் நின்று ‘எப்போது ஓடும்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் பி.எல்.சி. (இயந்திரத்தின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) கோளாறை நிதானமாகக் கண்டறிவது எப்படி என்பது குறித்து, நம் முன்னாள் மாணவர் குழுவின் இணையவழிக் கலந்துரையாடல் வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறும்.

1. நீங்கள் சந்தித்த ஒரு கோளாறை, நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, வியாழக்கிழமை இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.

2. முதலில் என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மின்சாரத்தை அணைத்துப் போடுவதே நம்மில் பலரின் முதல் வேலை (நானும் விலக்கல்ல). ஆனால், பேட்டரி தீர்ந்த பழைய கன்ட்ரோலர்களில் அதனால் புரோகிராமே அழிந்துவிடக்கூடும் என்பதால், பி.எல்.சி.யில் உள்ள விளக்குகளின் நிலையையும் கோளாறுப் பதிவையும் படமெடுத்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும்.

3. 24 வோல்ட் மின்வழங்கியையும் சென்சார் இணைப்புகளையும் அளந்து பார்த்தீர்களா என்று குறிப்பிடுங்கள். நேற்றுவரை ஓடிய புரோகிராம் தானாக மாறுவது அரிது.

4. ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு இன்டர்லாக்கைத் தாண்டும் வழிகளை இங்கே பகிர வேண்டாம்.

கலந்துகொள்வோர் புதன்கிழமைக்குள் ‘வருகிறேன்’ என்று பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு வெள்ளிக்கிழமை அனுப்பப்படும்.

– ஒருங்கிணைப்பாளர்