பி.எஸ்சி. எல்எல்.பி.: பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்து, நீட்டிலும் ஜேஇஇயிலும் மனம் ஒட்டாத பிள்ளைகளுக்கு பி.எஸ்சி. எல்எல்.பி. என்ற ஐந்தாண்டுப் படிப்பைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அறிவியலும் விட்டுப்போகாது, வக்கீலும் ஆகலாம், தனித்தனியாகப் படிப்பதைவிட ஓராண்டு மிச்சம் என்கிறார்கள். படிப்பில் குறையில்லை. ஆனால் அட்மிஷன் விளம்பரங்களில் வராத சில விஷயங்கள் உண்டு. அவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் படிப்பில் பாதி வழியில் இறங்க முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், ஒருங்கிணைந்த படிப்பை இடையில் பிரித்து ஒரு பட்டம் மட்டும் கொடுப்பதைத் தடை செய்கின்றன. மூன்று ஆண்டு படித்த பிறகு சட்டம் கசந்துபோனால் பி.எஸ்சி.யாவது கையில் மிஞ்சும் என்று நினைப்பது தவறு. கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டுமே. புதிய கல்விக் கொள்கையில் எந்த ஆண்டிலும் வெளியேறலாம் என்று படித்ததை வைத்து இதையும் அப்படி எண்ணிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்தவர் நேராக மூன்றாம் ஆண்டில் சேரவும் அதே விதிகள் இடம் தரவில்லை.

அடுத்தது, அந்த 'பி.எஸ்சி.'க்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. சட்டப் பகுதியைப் பார் கவுன்சில் இறுக்கமாக வரையறுத்திருக்கிறது: கட்டாயப் பாடங்கள் 20, செய்முறை சார்ந்த பாடங்கள் 4, விருப்பப் பாடங்கள் குறைந்தது 6. ஹானர்ஸ் என்றால் மேலும் 8. அறிவியல் பகுதி அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அது கணினி அறிவியல். வேறு இடங்களில் தடய அறிவியல். இன்னும் சில இடங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் அறிமுக அளவில் கொஞ்சம் கொஞ்சம். இந்தக் கடைசி வகையில்தான் கவனம் வேண்டும். ஒரு பாடத்தையும் ஆழமாகப் படிக்காதவருக்கு எம்.எஸ்சி. இடம் கிடைப்பது சிரமம். குறிப்பிட்ட பாடத்தில் இத்தனை தாள்கள், இத்தனை செய்முறை என்று கேட்பார்கள். ஆகவே மொத்தம் எத்தனை அறிவியல் தாள்கள், அவற்றில் எத்தனைக்கு லேப், எந்த செமஸ்டரோடு லேப் முடிகிறது, லேப் கல்லூரியின் சொந்தமா என்ற நான்கையும் விசாரியுங்கள். 'எல்லா வசதியும் இருக்கிறது' என்ற பதிலை ஏற்காதீர்கள். அச்சிட்ட பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிப்பில் சேருவோரில் பலருக்குக் காப்புரிமை (பேடன்ட்) துறையில் கண். காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, காப்புரிமை முகவராக, அதாவது கண்டுபிடித்தவருக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தை எழுதி நடத்துபவராகப் பதிவு செய்ய இந்தியக் குடிமகனாக இருந்து 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அறிவியல் அல்லது பொறியியல், தொழில்நுட்பப் பட்டம் வேண்டும், தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இரண்டு எழுத்துத் தாள்களிலும் தலா 50 மதிப்பெண், நேர்முகத்தையும் சேர்த்து மொத்தத்தில் 60 சதவீதம் பெற்றால்தான் தேர்ச்சி. சட்டப் பட்டம் கட்டாயமே இல்லை. இங்கேதான் 'ஓராண்டு மிச்சம்' என்ற கணக்கு உதைக்கிறது. தனியாக பி.எஸ்சி. முடித்தவர், மூன்றாண்டு எல்எல்.பி. படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தத் தேர்வை எழுதிவிடலாம். ஒருங்கிணைந்த படிப்பில் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை கையில் பட்டமே இல்லை. தேர்வும் ஆண்டுதோறும் நடப்பதல்ல. 2018இல் நடந்த பிறகு அடுத்தது 2023இல்தான் நடந்தது. ஒரு தேர்வைத் தவறவிட்டால் எத்தனை ஆண்டு காத்திருக்க நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காப்புரிமை ஆய்வாளர் என்ற அரசு வேலையைக் குறிவைப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அதற்கு அறிவியல் என்றால் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். பி.எஸ்சி. எல்எல்.பி. போதாது.

அறிவியல் தெரிந்த வக்கீலுக்கு உண்மையில் எங்கே வேலை என்பதை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் ரத்தப் புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் விண்ணப்பித்தது நமது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கு நிராகரிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று இறுதியாகத் தோற்றது. இந்தப் படிகம் நன்றாக உதிர்ந்து ஓடுகிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, மருந்து உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். முதல் இரண்டும் மாத்திரை செய்பவருக்கு வசதி. நோயாளியைக் குணப்படுத்தும் திறனோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. மூன்றாவதிலும், உடலில் கூடுதலாகச் சேர்வதால் மட்டும் நோய் கூடுதலாகக் குணமாகும் என்று ஆகாது, அதைத் தரவுகளால் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குத் திறன் கூடியிருந்தால்தான் காப்புரிமை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை மனப்பாடமாக ஒப்பிக்கும் வக்கீல் இந்த வாதத்தைக் கட்டவும் முடியாது, உடைக்கவும் முடியாது.

கீழமை நீதிமன்றங்களில் தேவை இன்னும் அன்றாடமானது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்-எழுத்துத் தொடர்), அதை எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதையும் கேட்கிறது. அசல் வீடியோவை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பி, அங்கிருந்து இறக்கிப் பென்டிரைவில் போட்டால் கோப்பு சுருங்கி ஹாஷ் மாறிவிடும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும். ஆனால் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஹாஷ் மாறாது. இந்த வேறுபாடு தெரிந்தவர்தான் குறுக்கு விசாரணையில் சரியான கேள்வியைக் கேட்பார்.

படிக்கும் காலத்துச் சுமையும் கொஞ்சமல்ல. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். ஐந்தாண்டில் 20 வாரம் இன்டர்ன்ஷிப், அதுவும் ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. லேப் நாட்களையும் நீதிமன்ற நாட்களையும் கல்லூரி எப்படிப் பிரித்திருக்கிறது என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். நுழைவுத் தேர்வும் வேறு ரகம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் தேர்வின் 120 கேள்விகளில் இயற்பியலோ வேதியியலோ தனிப் பகுதியாக இல்லை. ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்ட அறிவு, தர்க்கம், எளிய கணக்கு, அவ்வளவுதான். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும்.

நம் மாநிலத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி பி.சி.ஏ. எல்எல்.பி. நடத்துகிறது. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பி.காம். சட்டப் படிப்புகள். வேதியியலிலோ உயிரியலிலோ உறுதியான அடித்தளம் வேண்டும் என்பவருக்கு எங்கள் யோசனை: நல்ல லேப் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி., பிறகு அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்.பி. ஆறு ஆண்டாகும், செலவு குறைவு, நடுவில் மனம் மாறினாலும் ஒரு பட்டம் நிலைக்கும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பி.எஸ்சி. எல்எல்.பி. தொடங்க முன்வருமானால், அறிவியல் தாள்களையும் லேபையும் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பம் கோர வேண்டும்.

இப்படிக்கு,
காப்புரிமைத் துறை வழக்கறிஞர்கள் சிலர்,
சென்னை