வாடகைக்கும் தவணைக்கும் நடுவே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கேயும் குறையில்லை. பல்லாவரத்தில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட், வாடகை 15,000 வரும், "கடன் தன்னால் அடைந்துவிடும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில்.

மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 4.5 லட்சம். இதற்கு பாங்க் கடன் தராது, உன் கையிலிருந்துதான் போகும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு, சொத்து மதிப்பில் 80 சதவீதம். அந்த மதிப்பு நீ பேசிய விலையாகவே இருக்கும் என்று நம்பாதே. பாங்க் இன்ஜினியர் 45 லட்சம் என்று எழுதினால் கடன் 36 லட்சம்தான். அட்வான்ஸ் கொடுத்தபின் இது தெரியவந்து முழிப்பவர்கள் நிறைய. அதனால் மதிப்பீடு முடியும்வரை பெரிய அட்வான்ஸ் கொடுக்காதே.

சரி, 40 லட்சமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்: மாதத் தவணை சுமார் 34,700. வாடகையை 12 மாதத்துக்குப் பெருக்காதே. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், எனவே 11 மாதம், 1,65,000. இதில் சொத்துவரி 4,000, காலி மாதத்து மெயின்டனன்ஸ் 2,500, பெயின்ட், பிளம்பிங் என்று வருஷத்துக்கு 8,500 கழி. மிச்சம் 1,50,000, அதாவது மாதம் 12,500. தவணையில் பாதிகூட எட்டாத வாடகை எந்தக் கடனை அடைக்கும்? வாடகையே தவணை கட்ட வேண்டுமானால் நீ வாங்கக்கூடிய கடன் 14 லட்சத்துச் சொச்சம்தான். பாங்க் உன் சம்பளத்தைப் பார்த்துக் கடன் தருகிறது; வாடகையைப் பார்த்தல்ல.

வரியில் மிச்சமாகும் என்று எழுதியிருந்தாய். பழைய வரிமுறையில் இருந்தால் ஓரளவு உண்மை. வாடகையிலிருந்து நீ கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தள்ளிவிடுவார்கள். ரசீது கேட்பதில்லை, பெயின்ட் செலவைத் தனியாகக் காட்டவும் முடியாது. மிஞ்சுவது 1,12,700. முதல் வருஷ வட்டி ஏறக்குறைய 3,37,000. நஷ்டம் 2,24,300 ஆனாலும், சம்பளத்தில் கழிக்க முடிவது 2 லட்சம்தான். மீதியை 8 வருஷம்வரை வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். புதிய வரிமுறைக்குப் போய்விட்டாயானால் அந்த 2 லட்சமும் கிடையாது.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சிலர் மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு போக்கியத்துக்கு விடுகிறார்கள். 5 லட்சமோ 8 லட்சமோ மொத்தமாக வாங்கிக் கடனில் கட்டிவிட்டால் வட்டி குறையும் என்பது கணக்கு. ஆனால் காலம் முடிந்ததும் அந்தப் பணத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். அடுத்த போக்கியக்காரர் வராவிட்டால் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கும்படி ஆகும். அடமானத்தில் இருக்கும் வீட்டைப் போக்கியம் விட பாங்கின் சம்மதம் வேண்டும் என்று கடன் பத்திரத்திலேயே பெரும்பாலும் இருக்கும், படித்துப் பார். எனக்குப் பிடிக்காத வழி இது.

வாடகைக்கு விடுவதென்றால் 11 மாத ஒப்பந்தம் எழுதி மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது உதவாது. வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் ஆன்லைனில் பதிந்து எண் வாங்கிவிடு. நாளை தகராறு என்று வந்தால் அதுதான் கைகொடுக்கும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. 10 மாத அட்வான்ஸ் கேட்ட காலத்து நினைப்பை விடு. வாங்கும் தொகையையும் செலவழிக்காமல் தனி டெபாசிட்டில் போடு. வாடகை தராவிட்டால் தண்ணீரை நிறுத்துவேன், கரண்டைப் பிடுங்குவேன் என்று மட்டும் இறங்காதே. சட்டம் தடுக்கிறது, நியாயம் உன் பக்கமிருந்தும் நீ குற்றவாளியாகிவிடுவாய்.

ரிப்பேர் யார் செய்வது என்பதில்தான் தினசரிச் சண்டை. சுவர், வெள்ளையடிப்பு, குழாய் லைன், வயரிங் உன்னுடையவை. டேப் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவருடையவை. அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே பட்டியல் இருக்கிறது, அதையே ஒப்பந்தத்தில் ஒட்டிவிடு. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் மீட்டர் ரீடிங்கையும் வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிளாட்டில் பணத்தைத் தின்பது பாத்ரூம் கசிவு. வீடு காலியாக இருக்கும் ஒரு வாரத்தில் தரை டிரெயினைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடு. மட்டம் இறங்கினாலோ கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸை எடுத்து வாட்டர்புரூஃபிங் செய்யாமல் ஆளை வைக்காதே. இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் பூசினால் ஆறு மாதம் தாங்கும், பிறகு கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பல்லாவரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டேப்பும் கீசரும் சீக்கிரம் போகும். மலிவானதை வாங்கி மாற்றிக்கொண்டே இருக்காமல் நல்ல பித்தளை டேப்பாகப் போடு.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால் கைப்பணம் கூடும்வரை ஒரு வருஷம் பொறுத்து, கடனை 25 லட்சத்துக்குள் வை. தவணை சுமார் 21,700 வரும். மாதம் 9,000 கையிலிருந்து போவது உனக்குத் தாங்கும். மாறும் வட்டியில் வாங்கு. தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அதில் அபராதம் இல்லை, போனஸ் வரும்போதெல்லாம் அசலைக் குறைக்கலாம். இல்லையென்றால் புறநகரில் இரண்டு போர்ஷன் உள்ள தனி வீடாகத் தேடு. போட்ட பணத்துக்கு வாடகை சற்றுக் கூடும், ஒன்று காலியானாலும் மற்றது வரும். ஆனால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈ.பி. மீட்டர் இருக்க வேண்டும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் கூடக்கூட மேல் ஸ்லாபுக்குப் போய்விடும், பில்லைப் பங்கு பிரிப்பதில் ஒவ்வொரு இரண்டு மாதமும் தகராறு.

தாய்ப்பத்திரத்தின் நகலையும் 30 வருஷ வில்லங்கச் சான்றையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அசோசியேஷனில் பழைய பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொள். இன்னொரு தடவை வீட்டைப் பார்க்கப் போவதானால் மழை விட்ட மறுநாள் போ. மேல்வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் சீலிங்கை முதலில் பார்.

அன்புடன்,
ராஜு