ஹைனான் உணவகம் நடக்கும் பழைய வீட்டின் பொதுச்சுவரைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: எதிர்வரிசைப் பூமாலைக் கடைக்காரர், தெருவாசிகள் சார்பாக, ஜார்ஜ் டவுன்.

பெறுநர்: மேயர் அவர்கள், பினாங்கு தீவு மாநகர் கழகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் பழைய கடைவீடு ஒன்றில், சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் சமையலை விற்கும் ஹைனான் உணவகம் நடக்கிறது. பக்கத்து வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். அங்கே துளைபோடும் இயந்திரம் ஓடத் தொடங்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் விரிசல் விட்டிருக்கிறது. உணவகத்தின் மாடி உத்தரங்கள் அந்தச் சுவரில்தான் தாங்கி நிற்கின்றன. போன வாரம் காரை பெயர்ந்து சாப்பாட்டு மேசைமேல் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

விரிசலை மறைக்க ஒப்பந்ததாரரின் ஆட்கள் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். தரையிலிருந்து செங்கல்லில் ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இப்போதே பூச்சுக்கு மேலே உப்புப் பூத்து உதிர்கிறது. செப்டம்பர், அக்டோபர் பெருமழையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஹொக்கியன் போன்ற மற்றச் சீனர்களுக்கெல்லாம் பின்னால் இங்கே வந்தவர்கள் ஹைனான்காரர்கள். பல தொழில்களில் முன்னே வந்தவர்கள் ஊன்றிவிட்டதால் வெள்ளைக்காரர் வீடுகளிலும் மலாய்ப் பழக்கங்களோடு கலந்துவிட்ட பழைய சீனக் குடும்பங்களான பெரணாக்கான் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையலுக்குப் போனார்கள். வூஸ்டர் சாஸில் தொட்டுத் தின்னும் சூன் பியா என்ற பொரித்த சுருளும், பட்டாணியோடு வரும் சிக்கன் சாப்பும் அப்படி உருவானவைதான். அடுத்தவர் அடுப்படியில் பிறந்த இந்தச் சமையலுக்கு, எங்கள் தெருவில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வீடுதான்.

பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியதும் இங்கிருந்து பல குடும்பங்கள் கிளம்பிவிட்டன. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு விடுதிகள் வந்தன. வரட்டும், அவர்களால் என் மாலையும் விற்கிறது. அதற்காகப் பக்கத்து வீட்டைச் சாய்த்துவிட்டா விடுதி கட்டுவது?

ஆகவே, பாரம்பரியக் கட்டட அனுபவமுள்ள பொறியாளரை அனுப்பிச் சுவரைச் சோதிக்க வேண்டுகிறோம். அதுவரை பொதுச்சுவரில் துளையிடும் வேலை நிற்கட்டும். சிமெண்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு பூசும் செலவை ஒப்பந்ததாரரே ஏற்க உத்தரவிடுங்கள். அப்புறம், பழுதுபார்க்கும் நாட்களில் உணவக உரிமத்துக்குப் பங்கம் வரக்கூடாது. ஆபத்தில்லாத பின்கட்டில் சமைத்து, கடை முன்னாலிருக்கும் கூரையுள்ள நடைபாதையான அஞ்சடியில் பொட்டலமாக விற்க அனுமதித்தால் போதும் என்கிறார் உரிமையாளர் அம்மா.

விரிசலின் படங்களும் தெருவாசிகளின் கையொப்பங்களும் மலாய் மொழியாக்கமும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூமாலைக் கடைக்காரர்