‘முதல் பாட்டு’ சந்திப்பு: ஜூன் 11க்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதச் சந்திப்பு ஜூன் 14, சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, நம் புளோக் வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் கீழ்த்தளத் திறந்தவெளி). ஆளுக்கொரு பாட்டு கேட்கப்போகிறோம்: பிடித்த இசைத்தொகுப்பின் முதல் பாட்டு.

படத்தில் முதலில் வரும் பாட்டு இல்லை. கேசட்டில் ஏ பக்கத்தைப் போட்டதும் வருமே, அது. பீட்டில்ஸின் ‘அபே ரோட்’ (1969) என்றால் ‘கம் டுகெதர்’. ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ (1997) என்றால் ‘மா துஜே சலாம்’. அதன் தமிழ் வடிவமான ‘தாய் மண்ணே வணக்கம்’ கணக்கில் வராது. (எனக்கும் வருத்தம்தான்!)

1. பாட்டு, தொகுப்பு, ஆண்டு மூன்றையும் புதன்கிழமை, ஜூன் 11 இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

2. பழைய கேசட், சிடி இருந்தால் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். செயலிகளில் வரிசை சில நேரம் மாறியிருக்கும். சண்டை வந்தால் அட்டை சொல்வதே தீர்ப்பு.

3. ஏன் அந்தப் பாட்டு என்று 2 நிமிடம் பேசலாம். போன தடவை ஓர் அண்ணன் 20 நிமிடம் பேசினார், பெயர் வேண்டாம்.

4. தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) என் பொறுப்பு. வடை, பிஸ்கட் கொண்டுவருபவர்கள் சொல்லுங்கள்.

5. ஒலிபெருக்கி மெதுவாகத்தான். இரண்டாம் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது. 9.30க்கு முடித்துவிடுவோம்.

நாற்காலி எடுத்துப்போட இரண்டு பேர் 6.30க்கே வர முடியுமா? முடிந்தவர்கள் ‘நான்’ என்று போடுங்கள். வர முடியாதவர்களும் பாட்டை மட்டும் அனுப்பலாம், போட்டுவிடுகிறோம்.