ஊசியில் நிற்கும் நூல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான், பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன். "அம்மாவின் சாமான்களை என்னடா செய்ய?" என்ற வரிக்கு வந்ததும் எழுந்துவிடுவேன். போனில் கேட்டிருந்தால் "உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்திருப்பேன். நல்லவேளை, எழுதிக் கேட்டாய்.

இங்கே குளிர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அறையில் ஹீட்டர் இருக்கிறது, நான்தான் அதிகம் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் போதும். வேலை முடிந்ததும் பொது நூலகத்துக்குப் போய் மூடும்வரை உட்கார்ந்திருப்பேன். அங்கே கதகதப்பாக இருக்கும், படிக்கவும் நிறைய இருக்கிறது. கவலைப்படாதே.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் வாசலில் அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் பூட்ஸும் இருக்கிறது. பனி பெய்த காலையில் கையுறைகூட இல்லாமல் வெளியே வருவார். முதலில் அந்த அம்மாவுடைய பூட்ஸில் விழுந்த பனியைத் தட்டுவார், அப்புறம்தான் தன்னுடையதை எடுப்பார். வந்த புதிதில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது ஒரு நாள் அதைக் காணாவிட்டால் எனக்கே பதறிப்போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம்தான் முதலில் சொன்னேன், உன்னிடம்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை. நான் கிளம்பும்போது அம்மா மடித்துக் கொடுத்தாளே, அந்தப் பச்சை நூல் சேலை, அதைத் தலையணைமேல் விரித்துத்தான் படுப்பேன். அம்மா இறந்துபோன அந்த வாரம், என்ன நினைப்பில் இருந்தேனோ, மற்ற துணிகளோடு அதையும் துவைக்கப் போட்டுவிட்டேன். எடுத்து முகர்ந்தால் வெறும் சோப்பு வாசம். செய்தி கேட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை அக்கா. அந்த ஈரச் சேலையை வைத்துக்கொண்டுதான் அழுதேன்.

பெரியவர் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தில் நின்றுதான் மேலே போகுமாம். வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உள்ள பகுதிகளுக்கு நேராகப் போய்விடும் என்றார். அதனால்தான் ஒரு துணியை முகர்ந்ததும் ஆளே பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. அம்மா கடைசியாக உடுத்திய சேலை துவைக்காமல் இருந்தால் தொடாதே. பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வை.

மற்றதைக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கொடு. 2017இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றி நூலகத்தில் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் பழைய சாமான்களைத் தானமாகக் கேட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன விடுதிகளில் பிள்ளைகள் அதிகமாகக் கொடுத்தார்களாம். பொருள் போவதைவிட, அதோடு நினைவும் போய்விடுமோ என்றுதான் மனுஷன் பயப்படுகிறான். எனக்கும் அதே பயம்தான்.

நீ கடைசிவரை கூட இருந்து பார்த்தாய். நான் வரவில்லை. என் மனசில் வீடு நான் விட்டு வந்தபடியே இருக்கிறது. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த துணி, அம்மா ஏதோ வேலையாக உள்ளே போயிருக்கிறாள். அந்த மெஷினை யாராவது தூக்கிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு அம்மா போவாள். மூன்று வாரம் எழுதாமல் இருந்தது அதற்காகத்தான்.

ஊசியில் நீல நூல் கோத்தபடியே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு நாம்தானே கோத்துக் கொடுப்போம்? நுனியை எச்சில் தொட்டு முறுக்கி வைத்துக்கொண்டு "யாராவது வாங்களேன்" என்று கூப்பிடுவாள். கடைசியாகக் கோத்தது நீயா? அடுத்த கடிதத்தில் எழுது.

சரி, மெஷினைச் சின்ன மாமா மகளுக்கே கொடுத்துவிடு. அவள் தைத்துப் பிழைக்கப்போகிறவள், அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். பழைய இரும்புக்கு மட்டும் போட்டுவிடாதே. கொடுக்கும் முன் அந்த நூலை ஊசிக்கு மேலே வெட்டி, பாபினோடு எனக்கு அனுப்பு. அவசரம் இல்லை, யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டால் போதும்.

போன மாதம் பணம் அனுப்பவில்லை, பேங்கில் கொஞ்சம் தாமதம். அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அனுப்பிவிடுவேன் என்று அத்தானிடம் சொல். மாமாவுக்குத் தர வேண்டியது நினைவில் இருக்கிறது. கூரையை மழைக்கு முன் பார்த்துவிடுங்கள். வாடகைக்கு வருகிறவர்களிடம் ஜன்னலோர இடத்தை அடைக்க வேண்டாம் என்று முடிந்தால் சொல்.

அப்புறம், பீரோ சாவி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். மெஷின் டிராயரில் பொத்தான் டப்பாவுக்கு அடியில் பார். அம்மா அங்கேதான் வைப்பாள்.

அன்புடன்,
தம்பி