சமதளத்தில்தான் பாதை சீக்கிரம் கெடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயல்வெளிகள் வழியாகவும் ஆற்றோரமாகவும் செல்லும் நடைபாதைகள் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை பலருக்கு நடக்கும் ஆசையைத் தூண்டியிருக்கும். மகிழ்ச்சி. ஆனால் மலையில் பாதை போடத்தான் திறமை வேண்டும், சமநிலத்தில் நான்கு அம்புக்குறிகளை நட்டாலே போதும் என்ற ஒரு வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தகைய பாதைகளைப் போட்டுப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

மலைச்சரிவில் மழைநீருக்குப் போக்கிடம் உண்டு. பாதையின் குறுக்கே பள்ளத்தை நோக்கி 3 முதல் 5 சதவீதம் சாய்வு கொடுத்துவிட்டால் நீர் தானே இறங்கிவிடும். சமநிலத்தில் அந்த வசதி கிடையாது. ஆட்கள் நடக்க நடக்க மண் அமுங்கும். சுற்றியுள்ள வயலைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்தாலே பாதையில் நீர் தேங்கத் தொடங்கும். அடுத்து வருபவர் கால் நனையாமலிருக்கப் புல்மேல் ஒதுங்குவார். அந்தப் புல்லும் மிதிபட்டுச் சேறாகும். அவருக்குப் பின் வருபவர் இன்னும் சற்றுத் தள்ளி நடப்பார். ஒரு மீட்டர் அகலத்துக்குப் போட்ட பாதை ஒரே மழைக்காலத்தில் பல மீட்டர் சேற்றுப் பட்டையாக அகன்று பயிருக்குள் புகுந்துவிடும். உழவருக்கும் நடப்பவருக்கும் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

தேங்கிய இடத்தில் ஜல்லியைக் கொட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். அது வீண் செலவு. ஈரக் களிமண் ஜல்லியை விழுங்கிவிடும், அடுத்த மழைக்கு அதே குட்டை திரும்ப வரும். செய்ய வேண்டியது பாதையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்துவது. முதலில் இருபுறமும் ஓடை வெட்ட வேண்டும். அந்த ஓடைக்கு வெளியேறும் வாய் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரு குட்டைக்குப் பதில் இரண்டு நீளக் குட்டைகளை வெட்டியதாகத்தான் முடியும். பிறகு பாதைத் தளத்தில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். நீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்கும் அந்தத் துணி இருந்தால்தான் களிமண்ணும் ஜல்லியும் கலக்காது. அதன்மேல் 15 செ.மீ. அளவுக்கு உடைத்த ஜல்லி, அதற்கு மேல் கிரஷர் தூள், பிறகு நனைத்து உருளை ஓட்டி இறுக்குதல். நடுப்பகுதி ஓரங்களைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஆற்றில் அள்ளிய உருண்டைக் கூழாங்கல் அருகிலேயே கிடைக்கிறது என்று அதைப் போடுகிறார்கள். கூர்முனை உள்ள கல்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், கூழாங்கல் காலடியில் உருண்டுகொண்டே இருக்கும். பாதைக்கு அடியில் குறுக்குக் குழாய் பதிக்க வேண்டியிருந்தால் 30 செ.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது. சிறு குழாயில் இலைதழை அடைத்தால் மண்வெட்டி உள்ளே போகாது.

மாதக்கணக்கில் நீர் நிற்கும் இடத்தில் மரப்பலகைப் பாதைதான் வழி. பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஒரு செ.மீ. இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். நெடுக்காக அடித்தால் பாசி படிந்ததும் வழுக்கும், சைக்கிள் சக்கரம் இடுக்கில் மாட்டும். வழுக்காமலிருக்கக் கம்பிவலை அடிப்பார்கள். அது சில ஆண்டுகளில் பிய்ந்து காலைத் தடுக்கும் என்பதால் சொரசொரப்பான பட்டைகளைப் பதிப்பதே மேல்.

இனி ஆறு. வளைவில் நீர் வெளிக்கரையில் வேகமாக மோதி அடியை அரிக்கும், உள்வளைவில் வண்டலைச் சேர்க்கும். அழகான காட்சி கிடைப்பது பெரும்பாலும் வெளிக்கரையில் என்பதால் பாதையையும் அங்கே விளிம்போடு ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். அடிமண் போன பிறகும் மேலே புல்தரை தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும். நடப்பவருக்கு அது தெரியாது. விளிம்புக்கு இணையாகத் தரையில் நீள விரிசல் கண்டால் அன்றே பாதையை உள்ளே தள்ள வேண்டும். வில்லோ போன்ற, வெட்டி நட்டால் வேர்விடும் மரக்கிளைகளைக் கரையில் ஊன்றிப் பின்னினால் அரிப்பு குறையும், நிற்காது. ஆகவே நில உரிமையாளருடன் எழுதும் ஒப்பந்தத்திலேயே 'கரை நகர்ந்தால் பாதையும் நகரும்' என்று சேர்த்துக்கொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு. இங்கிலாந்தில் பாதை கரையோடு ஆற்றில் போய்விட்டால், நடக்கும் உரிமை தானாக அடுத்த நிலத்துக்கு மாறிவிடாது.

ஆற்றோரப் பாதையில் இன்னொரு சிக்கல் தொடர்ச்சி. தேம்ஸ் நடைபாதை 1996இல் தேசியப் பாதையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 296 கி.மீ. அதன் பெரும்பகுதி படகுகளைக் குதிரை கட்டி இழுத்த பழைய கரைவழி. அந்த வழி பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும், மாறும் இடங்களில் அக்கரை சேர்க்கும் படகுத் துறைகள் இருந்தன. அந்தப் படகுகள் நின்றதும் பாதை துண்டு துண்டானது. டெம்பிள் என்ற இடத்தில் 1989இலும், லெச்லேட் அருகே 2000இலும் நடைபாலங்கள் கட்டித்தான் அந்த இடங்களில் துண்டுகளை இணைத்தார்கள். வரைபடத்தில் ஆற்றை ஒட்டிக் கோடு இழுத்துவிட்டு, கரை மாறும் இடத்திலும் துணையாறு கலக்கும் இடத்திலும் என்ன செய்வது என்று கடைசியில் யோசிப்பவர்களுக்கு இது பாடம். அந்த இடங்களை முதலில் குறியுங்கள்.

வேலியைக் கடக்கும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கால்நடை இல்லாத வயலென்றால் வெறும் இடைவெளி போதும். கால்நடை இருந்தால் தானே மூடிக்கொள்ளும் கதவு. ஏறிக் கடக்கும் வேலிப்படி வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும். பிரிட்டனில் இதற்கான தர விதியும் இந்த வரிசையில்தான் செல்கிறது. கதவுக்கு 1.1 மீட்டர் திறப்பு இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். கதவு கெடுவது கீலில் தொடங்குவதில்லை, கீலைத் தாங்கும் தூணில். எடை முழுவதும் ஒரு பக்கம் இழுப்பதால் தூண் சாயும், கொண்டி பொருந்தாது, யாரோ கயிற்றால் கட்டிவைப்பார்கள், அடுத்தவர் அவிழ்த்துவிட்டுப் போவார், மாடு வெளியேறும். தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். மாடுகளும் கதவருகேதான் கூடி நின்று சேறாக்கும், அதனால் கதவை மேடான இடத்தில் வைத்து இருபுறமும் இரண்டு மூன்று மீட்டர் கல் பரப்புவது நல்லது.

உழவரின் பக்கத்தையும் கட்டுரை தொடவில்லை. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வயலின் ஓரமாகச் செல்லும் பாதையை உழவே அனுமதிப்பதில்லை. குறுக்கே செல்லும் பாதையை உழலாம். ஆனால் விதைப்புக்காக முதல் முறை உழுதால் 14 நாட்களுக்குள்ளும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள்ளும் நடக்கத்தக்கதாகத் திருப்பித் தர வேண்டும். குறைந்தபட்ச அகலம் குறுக்கே ஒரு மீட்டர், ஓரத்தில் ஒன்றரை மீட்டர். உழவரின் பருவத்தையும் நடப்பவரின் உரிமையையும் நாள் கணக்கில் பிரித்துச் சொல்லும் இப்படியொரு விதி இல்லாத இடத்தில் பாதையின் ஆயுள் முதல் உழவு வரைதான். நடப்பவருக்கும் கடமை உண்டு. நாயின் மலத்தை மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிடக் கூடாது. அதன்வழி பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். கன்று ஈன்ற மாடுகளுக்கும் அவற்றின் கன்றுகளுக்கும் நடுவே புகக் கூடாது. மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாய்மேல்தான், நாயால் ஓடித் தப்ப முடியும்.

அம்புக்குறிகளை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பாதை பிரியும் இடத்தில் ஒன்று, பிரிந்து ஐம்பது மீட்டர் தள்ளி 'சரியான வழிதான்' என்று உறுதி சொல்ல ஒன்று, எதிர்த்திசையில் வருபவருக்கும் அதேபோல். கோடையில் நட்டுவிட்டு, செடிகொடி வளர்ந்ததும் போய்ப் பார்த்தால்தான் எத்தனை மறைந்தன என்று தெரியும்.

கட்டுரையிலிருந்த நேரக் கணக்குக்கும் ஒரு திருத்தம். மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறுநர் நெய்ஸ்மித் 1892இல் மலையேறுபவர்களுக்காகச் சொன்ன விதி. சேறும் கதவுகளும் அதில் இல்லை. மழைக்குப் பிறகு களிமண் வயலில் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் இருட்டுவதற்குள் ஊர் சேரலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி எந்தப் பாதையை அறிமுகப்படுத்தினாலும் தூரத்தோடு நான்கு விவரங்களையும் அச்சிடுங்கள்: தரை எத்தகையது, வேலிப்படிகள் எத்தனை, எந்த மாதங்களில் ஆற்று வெள்ளம் பாதையை மூடும், அப்போது மாற்றுவழி எங்கே பிரிகிறது.

இப்படிக்கு,
கிராமப்புற நடைபாதைப் பராமரிப்பில் ஈடுபட்டிருப்போர்