கை, கால் சொரியாசிஸுக்கு மாங்குளத்தில் லைட் சிகிச்சை கேட்டு மனு

பணிப்பாளர்,
மாகாண சுகாதார சேவைகள், வடமாகாணம்.

ஐயா,

நான் ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் தோட்டம் செய்கிறவன். ஆறு வருடமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரியாசிஸ், தோல் தடித்து வெடிக்கிற வருத்தம். சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்றார், ஊரில் கரப்பன் என்கிறார்கள், கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறார். தொற்றாத வருத்தம் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது. சரி, அதை விடுவோம். மண்வெட்டிப் பிடியை இறுக்கினால் கை வெடித்து இரத்தம் வரும், பாதத்து வெடிப்பில் செருப்பு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஊற்றித்தான் கழற்ற வேண்டும்.

பூச்சு மருந்துக்கு அடங்காததால் தோல் டொக்டர் லைட் சிகிச்சைக்கு எழுதினார். கையையும் காலையும் சோரலன் என்ற, தோலைக் கதிருக்குக் கூச வைக்கும் மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, யுவிஏ லைட்டில், அதாவது வெயிலிலும் இருக்கிற ஒரு புற ஊதாக் கதிரில், வைப்பார்கள். முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதற்குள் ஆழமாக இறங்கும் கதிர் அது. வன்னியில் இல்லாத வெயிலா என்று கேட்கிறவர்களும் உண்டு, வெயிலை யார் அளந்து தருவது?

லைட்டில் வைப்பது சில நிமிடம். அதற்காக விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி, வேறு மாவட்டத்துக்குப் போய்ப் பின்னேரம்தான் திரும்புகிறேன். கிழமைக்கு இரண்டு தரம், மாதக்கணக்கில். சோரலன் ஊறிய தோலில் அன்றைக்கு வெயில் படக்கூடாது, பஸ் ஜன்னல் கண்ணாடியும் அந்தக் கதிரை மறிக்காது என்பதால் கையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வருவேன், பார்க்கிறவர்கள் வெட்டுக்காயமோ என்று கேட்பார்கள். கச்சான் பிடுங்கும் நேரம் மூன்று கிழமை போக முடியவில்லை. இடைவெளி விழுந்தால் லைட் நேரத்தைக் குறைத்துத்தான் திரும்பத் தொடங்கலாம் என்று நர்ஸ் சொன்னா. அதுவரை பட்ட பாடு அரைவாசி வீண்.

நான் கேட்பது ஆள் உள்ளே நிற்கிற பெரிய பெட்டியை அல்ல. கைக்கும் காலுக்கும் மட்டுமான சின்ன மெஷின் இருக்கிறது, கிளினிக் அறையின் ஒரு மூலை போதும். அதை மாங்குளம் ஆஸ்பத்திரியில் வைத்தால் நல்லது, ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் அங்கேதான் சந்திக்கின்றன, கிளிநொச்சி, வவுனியா ஆட்களும் ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். தோல் டொக்டர் இடைக்கிடை வந்து பார்த்தாலும், பழக்கிய நர்ஸ் ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் இருந்தால் சிகிச்சை நடக்கும்.

மெஷின் வரும்வரை, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலையில் முதல் நம்பர் தரும்படி சொல்லிவிடுங்கள் ஐயா, மத்தியான பஸ்ஸையாவது பிடிப்போம். கிளினிக் கொப்பியின் பிரதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் தோட்டக்காரன்